உறுப்பின் அளவை அளப்பது எது?

எலிக் கருவிலிருந்து தைமஸ் (நெஞ்சில் உள்ள நோயெதிர்ப்பு உறுப்பு) சுரப்பிகள் சிலவற்றை எடுத்து வேறோர் எலியின் உடலுக்குள் பதியவைத்தால், ஒவ்வொன்றும் தனக்குரிய முழு அளவுக்கு வளரும். அருகில் இன்னும் எத்தனை தைமஸ் இருக்கிறது என்பதை அது பொருட்படுத்தாது. மண்ணீரலை வைத்து இதையே செய்தால் முடிவு தலைகீழ். பதித்த மண்ணீரல்கள் எல்லாம் சிறுத்தே நின்றுவிடும். மொத்தமாக எடை போட்டால் ஏறத்தாழ ஒரு மண்ணீரலின் எடைதான் தேறும். 1960களின் தொடக்கத்தில் மெல்பர்னில் டொனால்ட் மெட்காஃப் செய்த சோதனைகள் இவை. உறுப்பின் அளவை எது கட்டுப்படுத்துகிறது என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது என்பதை அவை அப்போதே காட்டிவிட்டன. தைமஸ் தனக்குள்ளிருந்தே அளவெடுக்கிறது. மண்ணீரல் உடலைக் கேட்டு அளவெடுக்கிறது.

தனக்குள்ளிருந்து அளவெடுப்பதற்கு இன்னும் பழைய சான்று சாலமாண்டரில் உண்டு. புலிச் சாலமாண்டர் பெரியது, வேகமாக வளர்வது. புள்ளிச் சாலமாண்டர் சிறியது. பெரியதன் கருவிலிருந்து காலாக வளரப்போகும் முளையை எடுத்துச் சிறியதன் கருவில் ஒட்டினார்கள் ட்விட்டி, ஷ்விண்ட் என்ற ஆய்வாளர்கள். 1931இல் முடிவுகள் வெளிவந்தன. இரண்டு இனங்களுக்கும் வயிறு நிறைய இரை கொடுத்து வளர்த்தபோது, ஒட்டிய கால் தன் சொந்த இனத்தின் வேகத்திலேயே வளர்ந்து, சின்ன உடலில் பெரிய காலாக நின்றது. இரை கொடுப்பதில் குறை வைத்தால் இந்த வித்தியாசம் மங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் உறுப்பு எதை எண்ணுகிறது? செல்களைத்தான் என்று தோன்றும். அது தவறு. குரோமோசோம் தொகுதிகள் கூடுதலாக உள்ள சாலமாண்டர்களை 1940களில் ஃபான்கௌசர் ஆராய்ந்தார். அவற்றில் செல்கள் பருத்திருந்தன, எண்ணிக்கை அதற்கேற்பக் குறைந்திருந்தது, உடலும் உறுப்புகளும் வழக்கமான அளவிலேயே இருந்தன. சிறுநீரகக் குழலின் குறுக்குவெட்டில் பருத்த சில செல்களே வளைந்து குழலைச் சுற்றி மூடியிருந்தன. பழ ஈயிலும் இதுதான் கதை. 1998இல் நியூஃபெல்டும் சக ஆய்வாளர்களும் சிறகின் பின்பாதியில் செல் பிரிதலை மட்டும் வேகப்படுத்தினார்கள்: செல்கள் கூடின, ஆனால் சிறுத்தன. பிரிதலைத் தடுத்தார்கள்: செல்கள் குறைந்தன, ஆனால் பருத்தன. இரண்டு முறையும் பின்பாதியின் பரப்பு மாறவில்லை. செல் பிரிதல் வேறு, திசு வளர்தல் வேறு. செல் பிரிதலைத் தூண்டும் ஒரு மரபணுவைக் கண்டதும் 'உறுப்பின் அளவைத் தீர்மானிக்கும் மரபணு' என்று எழுதிவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

இந்தத் துறையில் பாதிக் குழப்பம், வளர்ச்சியை ஓட்டும் சமிக்ஞைகளையும் அளவை அளக்கும் சமிக்ஞைகளையும் ஒரே கூடையில் போடுவதால் வருவது. ஒரு வழித்தடத்தை (செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் புரதச் சங்கிலியை) பற்றிப் படிக்கும்போதெல்லாம் அது எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்சுலின், ஐஜிஎஃப் (இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி), டிஓஆர் (செல்லின் வளர்ச்சியைத் தூண்டும் நொதி) தடம் ஓட்டுகிற வகை என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. ஊட்டம் இருந்தால் இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் ஏறும். செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி பிஐ3கே, ஏகேடி என்ற நொதிகள் வழியாக டிஓஆரைத் தூண்டும். ரைபோசோம்கள் பெருகும், புரதம் உருவாகும், செல் பருக்கும். ஐஜிஎஃப்-1 அல்லது ஐஜிஎஃப்-2 இல்லாத எலிக்குட்டி இயல்பான எடையில் சுமார் 60 சதவீதத்துடன் பிறக்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் சுமார் 30 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, குட்டி சிறுத்தாலும் உறுப்புகளின் விகிதாசாரம் பெரும்பாலும் குலைவதில்லை என்பது. சில உறுப்புகள் மட்டும் இந்தத் தடத்திலிருந்து விலக்குப் பெற்றிருக்கின்றன. பட்டினி போட்ட பழ ஈ இளம்புழுவில் சிறகு சிறுக்கும்; மூளையின் தண்டு செல்கள் ஆல்க் என்ற வேறோர் ஏற்பியின் துணையோடு வளர்ந்துகொண்டே இருக்கும். ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பும் பட்டினிக்கு அதிகம் அசைவதில்லை. அங்கே ஃபாக்ஸோ என்ற புரதம் குறைவாக இருப்பதால், இன்சுலின் குறைந்த செய்தியே சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

அளக்கும் வகைக்கு வருவோம். இங்கேதான் பழ ஈயின் சிறகுத் தகடு பெரிய ஆய்வுக்களமாக இருந்துவருகிறது. இளம்புழுவின் உடலுக்குள் பை போல மடிந்துகிடக்கும் இந்தத் திசுதான் பின்னால் சிறகாகிறது. தொடக்கத்தில் 30 முதல் 50 செல்கள். 25 டிகிரி வெப்பத்தில் சுமார் நான்கு நாளில் 30,000 முதல் 50,000 செல்கள் ஆகிவிடும். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு செல்லும் பத்துத் தடவை இரட்டிக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. இளம்புழு கூட்டுப்புழுவாவதால்தான் வளர்ச்சி நிற்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முதிராத தகட்டை எடுத்து வளர்ந்த பெண் ஈயின் வயிற்றுக்குள் வைத்தாலும் அது தன் இயல்பான அளவை எட்டி நின்றுகொள்ளும். 1985இல் பிரையன்ட்டும் லெவின்சனும் இதைக் காட்டினார்கள். தகட்டுக்குள் ஏதோ ஒன்று அளக்கிறது.

முதலில் சந்தேகிக்கப்பட்டது டிபிபி என்ற சமிக்ஞைப் புரதம். இது தகட்டின் நடுவில், முன்பாதியும் பின்பாதியும் சேரும் கோட்டையொட்டி ஒரு பட்டையாகச் சுரக்கிறது. அங்கிருந்து இருபுறமும் பரவி, தூரம் கூடக்கூடக் குறைகிறது. டிபிபி இல்லாவிட்டால் சிறகு வெறும் முளையாக நின்றுவிடும். கூடுதலாகச் சுரக்கவைத்தால் பெரிதாகும். ஆனால் ஒன்று இடிக்கிறது. டிபிபி நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. செல் பிரிதலோ தகடு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீர். 2011இல் வார்ட்லிக் குழு இதற்கு அழகான ஒரு விடை தந்தது. செல் பார்ப்பது டிபிபியின் அளவை அல்ல, அது எத்தனை சதவீதம் ஏறியது என்பதை. சமிக்ஞை சுமார் 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் ஒருமுறை பிரிகிறது. தகடு பெரிதாகும்போது டிபிபியின் பரவலும் சேர்ந்து விரிவதால், ஓரத்திலும் நடுவிலும் ஏற்றத்தின் சதவீதம் ஒன்றுதான். ஏற்றம் மெதுவாக ஆக, பிரிதலும் மெதுவாகி நின்றுவிடும்.

அழகான விடைதான். ஆனால் டிபிபியின் செய்தியை உள்ளே கொண்டுசெல்லும் மேட் புரதத்தையும், டிபிபி இல்லாத இடத்தில் வளர்ச்சியை அடக்கும் பிரிங்கரையும் ஒருசேர நீக்கினாலும் செல்கள் பிரிகின்றன. ஏற்றத்தை அளக்க வழியே இல்லாத செல் எப்படிப் பிரிகிறது? 2015இல் வேறொரு சிக்கல் வந்தது: பரவும் டிபிபியைப் பட்டையை விட்டு நகராதபடி செல்பரப்பிலேயே பிடித்துவைத்தபோது நடுப்பகுதி சிறுத்தது, ஓரப்பகுதிகள் பெரும்பாலும் வழக்கம்போலவே வளர்ந்தன. டிபிபி வளர்ச்சிக்குத் தேவை. அளவுகோல் அதுதான் என்பதற்கான சான்று இன்றைக்கு மெலிந்துபோய்விட்டது.

அடுத்தது ஹிப்போ என்ற புரதத்தின் பெயர் கொண்ட தடம். இதன் இயக்கத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் பாடநூல்களில் 'உறுப்பு அளவின் தலைமைக் கட்டுப்பாடு' என்ற பட்டம் இதற்குத்தான். 1995இல் வார்ட்ஸ் என்ற மரபணு கிடைத்தது: இதை இழந்த செல்கள் கட்டி போலப் பெருகின. 2003இல் ஐந்து குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஹிப்போவைக் கண்டன. 2005இல் யார்க்கி என்ற புரதம் கிடைத்ததும் சங்கிலி முழுமையானது. ஹிப்போ, சால்வடார் என்ற துணையோடு வார்ட்ஸைத் தூண்டும். வார்ட்ஸ், மேட்ஸ் என்ற துணையோடு யார்க்கியின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும். பாஸ்பேட் ஏறிய யார்க்கியை 14-3-3 புரதம் சைட்டோபிளாசத்திலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். பாஸ்பேட் இல்லாவிட்டால் யார்க்கி உட்கருவுக்குள் போய், ஸ்காலப்டு என்ற புரதத்தோடு சேர்ந்து, செல் பெருக்கத்துக்கும் செல் சாகாமல் இருப்பதற்கும் வேண்டிய மரபணுக்களை இயக்கும். பாலூட்டிகளில் இதே சங்கிலிக்கு வேறு பெயர்கள்: ஹிப்போவுக்கு எம்எஸ்டி1/2, வார்ட்ஸுக்கு லாட்ஸ்1/2, யார்க்கிக்கு யாப், டாஸ், ஸ்காலப்டுக்கு டீட். யாப்பில் 127ஆம் இடத்து செரீனில் பாஸ்பேட் ஏறினால் 14-3-3 பிடிக்கும். 381ஆம் இடத்தில் ஏறினால் அது சிதைவுக்கான முத்திரை. முதல் இடத்தை மட்டும் மாற்றிவிட்டு யாப்பை முழுக்கக் கட்டவிழ்த்துவிட்டதாக எண்ணுவது அடிக்கடி நடக்கும் பிழை. லாட்ஸ் பாஸ்பேட் ஏற்றும் இடங்கள் மொத்தம் ஐந்து.

ஹிப்போவுக்கு மேலிருந்து வரும் செய்திகள் பல. அண்டைச் செல்லோடு ஒட்டிநிற்கும் ஃபாட், டாக்சஸ் என்ற இரண்டு பெரிய புரதங்கள். செல்லின் விளிம்பில் மெர்லின் என்ற புரதம். எல்லாவற்றுக்கும் மேலாக இழுவிசை. 2011இல் பிக்கோலோ குழு செய்த சோதனையில், 40 கிலோபாஸ்கல் விறைப்புள்ள ஜெல்லில் படர்ந்த செல்லின் யாப் உட்கருவில் இருந்தது, 0.7 கிலோபாஸ்கல் மென்மையில் அது சைட்டோபிளாசத்துக்கு வந்துவிட்டது. விறைப்பை மாற்றாமல், செல் படரக் கிடைக்கும் இடத்தை 10,000 சதுர மைக்ரானிலிருந்து 300ஆகக் குறைத்தாலும் யாப் வெளியே வந்தது. அளவுகோலுக்கு இது நல்ல வேட்பாளர். தகடு வளரும்போது நடுப்பகுதி நெருக்கப்படும், ஓரம் இழுபடும். நெரிசல் ஹிப்போவைத் தூண்டி நடுவை நிறுத்தும், இழுவிசை ஓரத்தை ஓட்டும். கணினி மாதிரிகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

2007இல் வந்த எலிச் சோதனைகள்தான் ஹிப்போவின் புகழை உச்சிக்கு ஏற்றின. டாக்சிசைக்ளின் மருந்தைக் கொடுத்தால் கல்லீரலில் யாப் மிகும்படி மாற்றிய எலிகளில், உடல் எடையில் சுமார் 5 சதவீதமாக இருக்க வேண்டிய கல்லீரல் சில வாரங்களில் 25 சதவீதத்தை எட்டியது. மருந்தை நிறுத்தியதும் கூடுதல் செல்கள் செத்து, கல்லீரல் பழைய அளவுக்குத் திரும்பியது. நிறுத்தாமல் தொடர்ந்தால் கட்டிகள்.

இந்தச் சோதனையை அளவுகோலுக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அதன் இரண்டாம் பாதியைச் சரியாகப் படிப்பதில்லை. மருந்தை நிறுத்தியதும் கல்லீரல் எந்த அளவுக்குத் திரும்ப வேண்டும் என்று யாருக்குத் தெரிந்திருந்தது? யாப்பைத் தாண்டி வேறெதுவோ அந்த அளவை வைத்திருந்தது என்று படிக்கவும் இடம் இருக்கிறது. பிரேக்கைக் கழற்றினால் வண்டி நிற்காது. அதனால் பிரேக்குக்கு ஊர் எங்கே வரும் என்று தெரியும் என்றாகிவிடாது. 2022இல் ஜார்ஜ் ஹால்டர் குழு இதை நேரடியாகவே சோதித்தது. ஹிப்போ தடத்தின் கடைசி விளைவான மரபணு இயக்கத்தையே நீக்கிய பிறகும் எலியின் கல்லீரலும் பழ ஈயின் கண்ணும் இயல்பான அளவுக்கு வளர்ந்தன. யாப்பையும் யார்க்கியையும் மிகையாக்கினால் இயங்கும் மரபணுத் தொகுப்பு, இயல்பான வளர்ச்சியில் இயங்குவதிலிருந்து வேறுபட்டிருந்தது. மிகைவளர்ச்சிக்கு மட்டும் தேவைப்பட்டு, இயல்பான வளர்ச்சிக்குத் தேவைப்படாத மரபணுக்களும் கிடைத்தன. எல்லா உறுப்புக்கும் இது பொருந்தாது: யாப் இல்லாத எலிக் கருவின் இதயம் சிறுத்தே போகிறது, சால்வடார் இல்லாத இதயம் பெருக்கிறது. ஆனாலும் 'தலைமைக் கட்டுப்பாடு' என்ற பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றே தோன்றுகிறது.

உடலைக் கேட்டு அளவெடுக்கும் உறுப்புகளில் கல்லீரலைப் பற்றித்தான் அதிகம் தெரியும். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுக்கும் முறையை 1931இல் ஹிகின்ஸும் ஆண்டர்சனும் விவரித்தார்கள். வெட்டிய மடல்கள் திரும்ப முளைப்பதில்லை. எஞ்சிய மடல்கள் பருத்து, 7 முதல் 10 நாளில் பழைய எடையை எட்டும். குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் இப்போது மூன்றில் ஒரு பங்குத் திசு வழியாகப் போக வேண்டும் என்பதால், ஒரு கிராம் கல்லீரலுக்கு மூன்று மடங்கு ரத்தம், மூன்று மடங்கு பித்த அமிலம். பித்த அமிலத்தை உணரும் எஃப்எக்ஸ்ஆர் ஏற்பி இல்லாத சுண்டெலியில் மறுவளர்ச்சி தாமதப்படுகிறது. ஆக, கல்லீரல் பார்ப்பது தன் பருமனைக் காட்டிலும் தன் மேல் விழும் வேலைச் சுமையை. இதற்கும் எல்லை உண்டு: மாற்று அறுவையில் வைக்கும் கல்லீரல் துண்டு, பெறுபவரின் உடல் எடையில் 0.8 சதவீதத்துக்குக் கீழே போனால், அந்தச் சுமையே துண்டைச் சிதைத்துவிடும் ஆபத்து கூடுகிறது.

தசைக்கு மயோஸ்டாடின் இருக்கிறது. தசையே சுரந்து தசையை அடக்கும் புரதம். 1997இல் அதை நீக்கிய எலிகளில் தசைகள் இரண்டு, மூன்று மடங்கு எடை கூடின. பெல்ஜியன் புளூ மாடுகளின் முரட்டுத் தசைக்கும் இதே மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டதே காரணம்.

ஆய்வுகளைப் படிப்பவர்களும் செய்பவர்களும் வழுக்கும் இடங்கள் சில உண்டு. பழ ஈயில் மிகப் பெரிய வழுக்கல் நேரம். ஒரு பிறழ்வு இளம்புழுப் பருவத்தை இரண்டு நாள் நீட்டினால், தகடு பெரிதாகத்தான் இருக்கும். அளவுகோல் கெட்டதா, அவகாசம் கூடியதா என்று தெரியாது. முட்டைகளை 2 முதல் 4 மணி நேரத்துக்குள் சேகரித்து, முட்டையிட்டதிலிருந்து எத்தனை மணி என்று கணக்கிட்டே ஒப்பிட வேண்டும். குப்பிக்கு 30 முதல் 50 இளம்புழுவுக்கு மேல் போனால் நெரிசலில் எல்லாம் சிறுக்கும். வெப்பமும் ஏமாற்றும்: 18 டிகிரியில் வளர்ந்த ஈ, 29 டிகிரியில் வளர்ந்ததைவிடப் பெரியது. மரபணுவை இயக்கப் பயன்படும் கால்4 முறையோ 29 டிகிரியில்தான் வலுவாக வேலை செய்யும். ஒப்பிடும் ஈயும் அதே வெப்பத்தில், அதே பாலினமாக இருந்தாக வேண்டும்.

சிறகு ஒரு வசதியைத் தருகிறது: ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு மயிரைத்தான் முளைக்கவிடும். சிறகைக் கண்ணாடியில் பதித்து, ஒரே இடத்தில் குறிப்பிட்ட பரப்புக்குள் மயிர்களை எண்ணினால் செல்லின் அளவு கிடைக்கும். மொத்தப் பரப்பை அதால் வகுத்தால் எண்ணிக்கை. பரப்பை மட்டும் வெளியிட்டு இதை விட்டுவிடும் கட்டுரை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

செல் கூட்டங்களைக் குறியிட்டுப் பின்தொடர்வது இன்னொரு முறை. 37 டிகிரிச் சூட்டால் சில செல்களில் மட்டும் மாற்றத்தை உண்டாக்கி, 48 மணி கழித்து ஒரு கூட்டத்தில் 16 செல் இருந்தால் நான்கு இரட்டிப்பு, ஒன்றுக்கு 12 மணி. சூட்டைக் கூட்டினால் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து கணக்கைக் கெடுக்கும். இன்னொன்று, பெருத்த கூட்டம் என்றால் பெருத்த உறுப்பு என்று பொருள் இல்லை. வளர்ச்சியைத் தூண்டும் மிக் புரதம் கூடிய செல்கள் பக்கத்துச் செல்களைக் கொன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறகின் அளவு அப்படியே இருக்கும். செல் மரணத்தைத் தடுக்கிறோம் என்று பி35 புரதத்தைச் சேர்த்தால், சாக வேண்டியும் சாகாத செல்கள் டிபிபியையும் விங்லெஸ் என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தையும் சுரந்து, சுற்றியுள்ள திசுவை வீங்கவைக்கும்.

எலியில், கல்லீரல் எடையை உடல் எடையால் வகுக்கும் எண் எளியது, அதனாலேயே ஆபத்து. பட்டினியில் கிளைக்கோஜனும் அதோடு நீரும் குறையும். ஒரே நாளிலேயே எடை ஏறி இறங்கும். எல்லா எலிகளையும் ஒரே நேரத்தில், ஒரே உணவு நிலையில் எடுக்காவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை. டிஎன்ஏ அளவை வைத்துச் செல் எண்ணிக்கை சொல்வதும் இங்கே செல்லாது, ஏனென்றால் கல்லீரல் செல்களில் பல நான்கு, எட்டுத் தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டவை. தட்டில் வளர்த்த செல்லில் யாப்பைப் பார்ப்பவர்கள் செல் அடர்த்தியைச் சொல்லியே ஆக வேண்டும். அடர்ந்த தட்டையும் அடராத தட்டையும் ஒப்பிட்டு மருந்தின் விளைவு என்று எழுதியவை இருக்கின்றன.

ஓர் உறுப்பு பின்தங்கினால் மற்றவை காத்திருக்கவும் ஏற்பாடு உண்டு. சிதைந்த சிறகுத் தகடு டில்ப்8 என்ற ஹார்மோனைச் சுரக்கும்; மூளையில் எல்ஜிஆர்3 ஏற்பியுள்ள நரம்பு செல்கள் அதைக் கேட்டு, கூட்டுப்புழுவாவதைத் தூண்டும் எக்டைசோன் ஹார்மோனின் சுரப்பைத் தள்ளிப்போடும்; கூட்டுப்புழுவாவது தாமதமாகும், தகடு ஈடுகட்டிக்கொள்ளும். டில்ப்8 இல்லாத ஈக்களில் இடச்சிறகும் வலச்சிறகும் அளவில் ஒத்துப்போவது குறைகிறது. 2012இல் டில்ப்8 பற்றிய முடிவுகள் வெளிவந்தபோது, ஒத்திசைவுக்குத் தனியாக ஒரு ஹார்மோனே இருப்பது பலருக்கு வியப்பாக இருந்தது.

அளவின் குறியையே மாற்றுகிற பிறழ்வு எப்படி இருக்கும் என்று பார்க்க வரிக்குதிரை மீனின் துடுப்புக்குப் போக வேண்டும். துடுப்பை அடியில் வெட்டினால் வேகமாகவும், நுனியருகே வெட்டினால் மெதுவாகவும் வளர்ந்து, இரண்டுமே ஏறத்தாழ ஒரே சமயத்தில் பழைய நீளத்தை எட்டி நிற்கும். நீளத் துடுப்புப் பிறழ்வுகளில் மீனின் உடல் அளவு மாறுவதில்லை. துடுப்பு நீளும், அதன் பொது அமைப்பு பெரிதாகக் குலைவதில்லை. யார்க்கி மிகுந்த திசுவின் மடிப்பும் கோணலும் இதில் இல்லை. 2014இல் இவற்றில் ஒன்றுக்கான காரணம் பிடிபட்டபோது, அது வளர்ச்சிக் காரணியோ ஹிப்போவின் உறுப்போ அல்ல. கேசிஎன்கே5பி என்ற பொட்டாசியம் வாயில்: செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழி. பிறழ்வில் அது கூடுதலாகத் திறந்திருக்கிறது. இன்னொரு நீளத் துடுப்பு வகையிலும் வேறொரு பொட்டாசியம் வாயில்தான் தவறான இடத்தில் இயங்கி, வளர்ச்சி நிற்க வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. இயல்பான மீனிலும் கால்சிநியூரின் என்ற நொதியை மருந்தால் தடுத்தால் துடுப்பு நீள்கிறது. செல்லின் மின்னழுத்தம் கால்சியம் வழியாகக் கால்சிநியூரினை எட்டுகிறது என்பது இப்போதுள்ள கணிப்பு. அந்த மின்னழுத்தம் துடுப்பின் நீளத்தை எப்படி அறிகிறது என்பதற்கான சோதனைகள்தான் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன.